மதகையும் எல்லையையும் மெப்பில போட ஒரு வரி அனுமதி எழுதித் தாங்க: மட்டக்களப்பு, அம்பாறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள்ல வரைபடத் தரவு வச்சிருக்கிற எல்லா அரச அலுவலகத் தலைவர்களுக்கும், அந்தத் தரவ ஆருக்கு எப்படிக் குடுக்கலாம் எண்டு கொழும்புல இருந்து தீர்மானிக்கிற மேலதிகாரிகளுக்கும்,

ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் எண்ட திறந்த பொது மெப்பில போடுறதுக்கு நாங்க ஒரு கந்தோர்ல கேட்டது மூண்டு விஷயம். கிராம சேவகர் பிரிவுகளிட எல்லை, மாரி காலத்துல வெள்ளம் குறுக்கால பாயிற ரோட்டுகளும் மதகுகளும் எங்கெங்க எண்டு நீங்க ஜிபிஎஸ் பிடிச்சு வச்சிருக்கிற பட்டியல், இடைத்தங்கல் முகாமாப் பாவிக்கிற பள்ளிக்கூடங்கள், பொதுக் கட்டிடங்களிட இடம். வந்த பதில்ல, தரவ கற்றல் நடவடிக்கைக்கு மாத்திரம் பாவிக்கலாம், வணிக நோக்கத்துக்குப் பாவிக்கப்படாது, மூன்றாம் தரப்புக்கு வழங்கப்படாது எண்டு எழுதியிருக்கு. மேலால பார்த்தா தந்துட்டாங்கதானே எண்டுதான் தோணும். ஆனா இந்த நிபந்தனையளோட அந்தப் பட்டியல்ல இருந்து ஒரு மதகக் கூட எங்களால பொது மெப்பில போட ஏலா. எந்த அலுவலகம் எண்டு நான் இதில சொல்லப் போறதில்ல, ஏனெண்டா இதே மாதிரியான பதில்தான் கிழக்கில எந்தக் கந்தோர்ல கேட்டாலும் வருது, ஒரு இடத்தக் குறை சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது.

நாங்க ஆரு எண்டா, வாகரையில இருந்து பொத்துவில் வரைக்கும் அங்கங்க இருக்கிற கொஞ்சப் பேர். டியூஷன் குடுக்கிறவங்க, கெம்பஸ் பிள்ளைகள், ஓட்டோ ஓட்டுறவங்க, ரெண்டு மூண்டு ஓய்வுபெற்ற ஆக்கள். சம்பளம் இல்ல, புரொஜெக்ட் இல்ல, பின்னால ஒரு கம்பெனியும் இல்ல. ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில எங்கட ஊரப் போடுறம். 2004ல இங்கிலாந்துல தொடங்கின திட்டம் அது, ஆரும் அதுல போடலாம், ஆரும் அதுல இருந்து எடுத்துப் பாவிக்கலாம், காசு குடுக்கத் தேவையில்ல. அந்த மெப்ப போன்ல இறக்கி வச்சிட்டா டேட்டா இல்லாமலே வேலை செய்யும், ஓர்கானிக் மெப்ஸ், ஓஸ்ம்அன்ட் மாதிரி அப்பெல்லாம் அதாலதான் ஓடுது. வெள்ளத்துக்குள்ள கரண்ட் போய், டவர் விழுந்து, சிக்னல் இல்லாமக் கிடக்கிற நேரம் எங்கட பக்கம் இது என்ன பெறுமதி எண்டு உங்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்ல, நீங்களும் அந்த நேரம் ரோட்டுல நிண்டு வேலை செஞ்ச ஆக்கள்தான்.

இப்ப அந்த நிபந்தனை ஏன் எங்களுக்கு வழிய அடைக்குது எண்டு சொல்றன். ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் 2012 செப்டம்பர்ல இருந்து ஓடிபிஎல் எண்ட லைசன்ஸ்ல இருக்கு. அது சொல்றது ரெண்டு விஷயம்: பாவிக்கிறவர் எங்க இருந்து எடுத்தது எண்டு சொல்லணும், அந்தத் தரவத் திருத்தி மேம்படுத்தி வெளியில விட்டா அதையும் இதே லைசன்ஸ்ல மற்றவங்களுக்குத் திறந்து விடணும். வணிகத்துக்குப் பாவிக்கலாம், பாவிக்கப்படாது எண்டு பிரிக்கிறதே இல்ல. நீங்க "வணிக நோக்கத்துக்கு இல்ல" எண்டு எழுதுறது பெரிய கம்பெனிக்காரனத் தடுக்கத்தான் எண்டு விளங்குது. ஆனா அந்த வசனம் முதல்ல தடுக்கிறது செங்கலடிச் சந்தியில நிக்கிற ஓட்டோக்காரர. அவர் மெப்பப் பார்த்து ஒரு நோயாளிய வீட்டுல இறக்கிட்டு 300 ரூபா வாங்கினா அதுவும் வணிகம்தான். பாசிக்குடாவிலயும் அறுகம்பேயிலயும் ரெண்டு ரூம் வச்சு கெஸ்ட்ஹவுஸ் நடத்துற குடும்பம் வழி காட்டுறதுக்கு மெப்ப அச்சடிச்சு ஒட்டினா அதுவும் வணிகம்தான். மூன்றாம் தரப்பு எண்ட வசனம் இன்னும் மோசம். பொது மெப்பே மூன்றாம் தரப்புக்குத்தான், வேற ஆருக்கு?

இதுல எனக்கு ஆகலும் மனசு கஷ்டமான விஷயம் ஒண்டு இருக்கு. எங்களுக்கு உதவ விருப்பமில்லாத அதிகாரிய நான் குறைவாத்தான் கண்டிருக்கன். ஒரு அலுவலகத்துல தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருத்தர் லெப்டொப்பத் திறந்து, முழு ஷேப்பைலையும் (கம்பியூட்டர் வரைபடத் தரவுப் பைல்) காட்டி, ஒவ்வொரு மதகுக்கும் எந்த ரோட்டு, எத்தின அடி அகலம், மழைக்கு மேவிப் பாயுமா எண்டு எவ்வளவு பொறுப்பா நிரப்பி வச்சிருக்காரு எண்டு நான் கண்ணால பார்த்தன். அதுல உன்னிச்சைப் பக்கத்து ரோட்டு ஒண்டுக்குப் பக்கத்துல "கைபிடிச் சுவர் ஒரு பக்கம் இல்ல, இரவில கவனம்" எண்டு அவரே தமிழ்ல குறிப்பும் எழுதியிருந்தாரு. பார்த்திட்டு எனக்குக் கதையே வரல்ல. பிறகு அவர் பென் டிரைவக் கையில தந்து, "கொண்டு போங்க தம்பி, என்ட பேர மட்டும் எங்கயும் சொல்லிப் போடாதீங்க" எண்டாரு. நான் அத வாங்கல்ல. அவருக்கு அது விளங்கல்ல, முகம் வாடிப் போச்சு. வாங்கியிருந்தா அந்த மனுசனிட வேலைக்கும் ஆபத்து, நாங்க போட்ட அவ்வளவும் ஒருநாள் அழிபடவும் இடமிருக்கு. உறுதி இல்லாத காணியில வீடு கட்டின மாதிரித்தான் அது.

அழிபடும் எண்டு நான் சும்மா பயமுறுத்தல்ல. 2012ல ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் பழைய லைசன்ஸ்ல இருந்து ஓடிபிஎல்லுக்கு மாறக்குள்ள, சம்மதம் தராத ஆக்கள் போட்ட ரோட்டு, பாலம், ஊர்ப்பேர் எல்லாத்தையும் ஒரு புரோக்ராம் எழுதி மெப்பில இருந்து கழட்டினாங்க. வேற ஆக்களிட மெப்பில இருந்து கள்ளமா ஏத்தினது பிடிபட்டா இப்பவும் அப்படித்தான், திரும்ப எடுப்பாங்க. அதுல எங்களுக்குக் கோபம் இல்ல, அந்தக் கண்டிப்பு இருக்கிறதாலதான் உலகம் முழுக்க அந்த மெப்ப நம்பிப் பாவிக்கிறாங்க. அதனாலதான் கூகுள் மெப்பில ரோட்டு இருக்குதானே அதப் பார்த்துக் கீறுங்களன் எண்டு ஆராவது சொன்னா நாங்க மாட்டம் எண்டு சொல்றம். அதே காரணத்துக்காகத்தான் வாயால தந்த அனுமதிய வச்சும் வேலை செய்ய மாட்டம். "ஓம் எடுங்க, ஒண்டும் பிரச்சினையில்ல" எண்டு சொன்ன சேர் இடமாற்றம் கிடைச்சுப் போனதும் அடுத்து வாறவருக்கு அதப்பத்தி ஒண்டுமே தெரியாது, பைல்லயும் ஒண்டும் இருக்காது.

"அதுதான் வெப்சைட்ல பிடிஎஃப் போட்டிருக்கமே" எண்டும் சொல்றாங்க. போட்டிருக்கீங்க, நன்றி, ஆனா பார்க்கக் கிடைக்கிறதும் பாவிக்க அனுமதி இருக்கிறதும் ரெண்டு வேற விஷயம். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துல, சட்டமாவோ நிர்வாக உத்தரவாவோ வாற உத்தியோகபூர்வ எழுத்துக்குப் பதிப்புரிமை இல்ல எண்டு இருக்கு, அந்த வரிசையில வரைபடம் இல்ல, ஷேப்பைல் இல்ல. அப்ப ஒரு பிரிவிட எல்லைய வர்த்தமானியில "வடக்கே இந்த வாய்க்கால், கிழக்கே இந்த வீதி" எண்டு எழுத்துல போட்டா அத ஆரும் எடுக்கலாம், அதே கோட்ட கம்பியூட்டர்ல கீறி வச்சா எடுக்கலாமா எண்டு கேட்டா எந்தக் கந்தோர்லயும் பதில் சொல்ல ஆள் இல்ல. ஒரு வரி கூட எழுதாம விட்டா "உரிமை எல்லாம் எங்களுக்குத்தான்" எண்டுதான் சட்டப்படி எடுக்க வேண்டியிருக்கு. நீங்க அப்படி நினைச்சு விடல்ல எண்டு எனக்குத் தெரியும், ஆனா விளைவு அதுதான்.

தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க எண்டும் சில பேர் புத்தி சொன்னாங்க. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் நல்ல சட்டம், 14 வேலை நாளைக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும், நானும் அத மதிக்கிறன். ஆனா அந்தச் சட்டம் கொப்பிதான் வாங்கித் தரும். வாங்கின கொப்பிய மெப்பில ஏத்தி ஊருக்கெல்லாம் பகிரலாமா எண்ட கேள்வி அதுக்குப் பிறகும் அப்படியே கிடக்கும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கம் ஒருக்கா நினைச்சுப் பாருங்க. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால, வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கம் எல்லாம் வயல் வட்டைக்குள்ளால போற ரோட்டுகள், சட்டலைட் படத்துல பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி மண்ணிறக் கோடுதான். 2010ல இருந்து மைக்ரோசொஃப்ட் கம்பெனிட பிங் சட்டலைட் படத்தப் பார்த்துக் கீற எழுத்துல அனுமதி இருக்கு, அதால நாங்க ரோட்டக் கீறிட்டம். ஆனா எது சப்பாத்துப் பாலம் (வெள்ளம் மேலால பாயிற பதிஞ்ச பாலம்), எந்த இடத்துல குளத்து வான் பாய்ஞ்சா இடுப்பளவு தண்ணி வரும், எந்த மதகு உடைஞ்சு கிடக்கு எண்டு வானத்துல இருந்து பார்த்தா தெரியாது. அது வயல் தண்ணியப் பார்க்கிற வட்டவிதானைக்குத் தெரியும், கிராம சேவகரான விதானைக்குத் தெரியும், உங்கட பட்டியல்ல இருக்கு. போன மாரியில கிரான் பக்கம் மருந்து கொண்டு போன வெளியூர்ப் பொடியனுகள் போனக் காட்டி "மெப்பில ரோட்டு இருக்கே" எண்டு எங்களிட்டக் கேட்டாங்க. ரோட்டு இருந்தது, அதுக்கு மேல தண்ணி பாயும் எண்டது மெப்பில இல்ல. அந்த இடம் உங்கட பட்டியல்ல இருந்தது, நான் அத என்ட கண்ணால பார்த்திருக்கன், எடுத்துப் போட அனுமதி இல்ல.

2024 நவம்பர் 26 காரைதீவு, மாவடிப்பள்ளி ரோட்டுல வெள்ளம் குறுக்கால பாயக்குள்ள மதரசாப் பிள்ளைகள் வந்த உழவு மெசின் அடிச்சுக் கொண்டு போனத அம்பாறை மாவட்டத்துல ஆரும் மறக்க மாட்டாங்க. ஒரு மெப் இருந்திருந்தா அந்தப் பிள்ளைகள் தப்பியிருக்கும் எண்டு நான் சொல்லமாட்டன், அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்ல. நான் சொல்றது, எந்த ரோட்டுல தண்ணி மேவும் எண்ட தகவல் ஒரு கந்தோர் அலுமாரிக்குள்ள மட்டும் இருக்கிற தகவலா இருக்கப்படாது எண்டுதான்.

கிராம சேவகர் பிரிவு எல்லை எண்டதும் உங்கட முகம் மாறுறது எனக்கு விளங்குது. எங்கட பக்கம் எல்லை எண்டா அது சும்மா கோடில்ல, கல்முனையில பிரதேச செயலக எல்லைப் பிரச்சினையால என்ன நடக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும், ஒரு ஒழுங்கை அங்காலயா இஞ்சாலயா எண்டதுலயே ஊர் ரெண்டுபடும். அந்தக் காரணத்துக்காகத்தான் உங்கட உத்தியோகபூர்வ கோடு வேணும் எண்டு கேக்கிறம். அது இல்லாத இடத்துல ஆராவது தனக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு கோட்டக் கீறுவான், இன்னொருத்தன் வந்து அத மாத்துவான், பிறகு மெப்புக்குள்ளயும் சண்டை. வர்த்தமானித் திகதியோட அரச எல்லை இருந்தா "இது இந்தத் திகதிக்கு இருந்த எல்லை" எண்டு காட்டிக் கதைய முடிக்கலாம். ஊர்ப்பேரும் அப்படித்தான். மெப்பில தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூண்டுலயும் தனித்தனியாப் பேர் போட இடம் இருக்கு, போர்ட்டுல ஒரு எழுத்து, பஸ்ஸில ஒரு எழுத்து, பதிவில ஒரு எழுத்து எண்டு இருந்தா நாங்க எதப் போடுறது?

இன்னொரு விஷயத்தையும் ஞாபகப்படுத்த வேணும். இத இந்த மண்ணிலயே அரசாங்கம் ஒருக்காச் செஞ்சிருக்கு. 2012 கடைசியில தொடங்கி, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவுல 30,000க்கு மேற்பட்ட கட்டிடங்கள ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில ஏத்தினாங்க. மட்டக்களப்பு டவுன் எங்கட நாட்டுலயே அந்த வேலைக்கு முன்மாதிரியா இருந்தது. 2004 சுனாமிக்கும் 2011 ஜனவரி வெள்ளத்துக்கும் பிறகு, எந்த வீடு எங்க இருக்கு எண்டு தெரியாம எவ்வளவு கஷ்டப்பட்டம் எண்டு அனுபவிச்ச இடம் இது. அப்ப திறந்த மெப்பில அரசாங்கம் தரவு போடலாம், அது நாட்டுக்கு நல்லது எண்டு ஏத்துக்கொண்டவங்க, இப்ப ஒரு மதகுப் பட்டியலுக்கு மூன்றாம் தரப்பு எண்டு கதவச் சாத்துறது எப்படி எண்டு எங்களுக்கு விளங்கல்ல. அந்த நேரம் போட்ட கட்டிடத்துக்குப் பக்கத்துல எவ்வளவோ புது வீடு, புது ரோட்டு வந்திட்டு, அதையெல்லாம் சம்பளம் இல்லாத ஆக்கள்தான் இவ்வளவு நாளும் திருத்திக்கொண்டு வாறாங்க.

உங்கட பயங்களுக்கும் பதில் சொல்லணும். ஆராவது எடுத்து வித்துப்போடுவான் எண்டால், ஓடிபிஎல்ல அவன் எங்க இருந்து எடுத்தது எண்டு சொல்லியே ஆகணும், திருத்தி வெளியிட்டா திருத்தினதத் திறந்து விடணும், அதே தரவு எல்லாருக்கும் சும்மா கிடைக்கிற நேரம் அத மட்டும் வித்துப் பிழைக்க ஏலா. பிழையான தரவுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டி வரும் எண்டால், எந்தத் திறந்த லைசன்ஸ எடுத்தாலும் "இது இருக்கிறபடி தரப்படுது, உத்தரவாதம் இல்ல" எண்ட வாசகம் அதுக்குள்ளயே இருக்கு, நாங்க நேரில போய்ப் பார்த்துப் பிழை பிடிச்சா உங்களுக்கும் அனுப்புவம். பாதுகாப்பு எண்டால், ஆமி முகாம், சோதனைச் சாவடி ஒண்டும் நாங்க கேக்கல்ல. காணிச் சொந்தக்காரரிட பேர், அடையாள அட்டை நம்பர், நிவாரணப் பட்டியல் ஒண்டும் வேணாம், 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு எண்டு எங்களுக்கும் தெரியும், தந்தாலும் நாங்க திருப்பித்தான் தருவம்.

வேற நாடுகள் இத எப்பவோ தாண்டிட்டு. இங்கிலாந்துட அரச வரைபட நிறுவனமான ஓட்னன்ஸ் சேர்வே 2010 ஏப்ரல்ல தன்ட தரவில ஒரு பகுதியத் திறந்து விட்டுது. அமெரிக்க மத்திய அரசாங்கத்துட உத்தியோகத்தர்கள் கடமையில செய்ற படைப்புக்கு அந்த நாட்டுல பதிப்புரிமையே இல்ல, அதால அவங்கட குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்துட ரோட்டுத் தரவு 2007, 2008ல முழு நாட்டுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில ஏறிச்சு. பக்கத்துல இந்தியா 2017ல அரச தரவுக்கெண்டே ஒரு லைசன்ஸ் எழுதி வச்சிருக்கு. எங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடும் உடனே வேணாம், ஒரு கடிதம் போதும்.

கடிதம் எப்படி இருக்கணும் எண்டதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, அதையும் இப்பவே சொல்லிடுறன், பிறகு திரும்பத் திரும்ப அலைய வேண்டி வரக்கூடாது. கிரியேட்டிவ் கொமன்ஸ் லைசன்ஸ் எண்டு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல உரிமை எல்லாத்தையும் விட்டுக் குடுக்கிற சிசி ஸீரோ தந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. பேரச் சொன்னா ஆரும் பாவிக்கலாம் எண்ட சிசி பை 4.0 தந்தா நல்லதுதான், ஆனா அதோட ரெண்டு விளக்கம் எழுத்துல வேணும். ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில லட்சக்கணக்கான ஆக்களிட தரவு கலந்திருக்கு, ஒவ்வொரு மெப்பிட மூலையிலயும் ஒவ்வொரு கந்தோர்ட பேரையும் எழுத ஏலா. அதால அவங்கட இணையப் பக்கத்துல இருக்கிற பங்களிப்பாளர் பட்டியல்ல உங்கட பேரப் போட்டா போதும் எண்டு நீங்க ஏத்துக்கொள்ளணும். அடுத்தது, சிசி பை தரவ டிஜிட்டல் பூட்டுப் போட்டுப் பகிர விடாது, ஓடிபிஎல் பூட்டில்லாத கொப்பி ஒண்டையும் கூடக் குடுத்தாப் போதும் எண்டு சொல்லுது, அந்த வித்தியாசத்துக்கும் உங்கட சம்மதம் வேணும். இதுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் நிறுவனமே ஒரு மாதிரிக் கடிதம் வச்சிருக்கு, நாங்க அதத் தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதித் தாறம், உங்கட சட்ட உத்தியோகத்தர் பார்த்துத் திருத்தட்டும்.

நாங்க கேக்கிறது இதுதான்.

கிராம சேவகர் பிரிவு எல்லை, வெள்ளம் மேவிற ரோட்டும் மதகும், இடைத்தங்கல் முகாம்களிட இடம், இதுகளோட ஊர்ப்பேர்களிட உத்தியோகபூர்வ எழுத்தையும் சேர்த்து, இந்த நாலையும் சிசி ஸீரோவிலயோ ஓடிபிஎல்லயோ, இல்லாட்டி மேல சொன்ன விளக்கத்தோட சிசி பை 4.0விலயோ வெளியிடுங்க. வணிக நோக்கம், மூன்றாம் தரப்பு எண்ட ரெண்டு நிபந்தனையையும் இந்தத் தரவில இருந்து எடுத்து விடுங்க.

அனுமதியக் கந்தோர்ட தலைப்புக் கடிதத்துல, கையெழுத்துப் போட அதிகாரம் இருக்கிறவரே, பதவிப் பேரோடயும் திகதியோடயும் தாங்க. ஆள் மாறினாலும் அது செல்லும் எண்டு அதுலயே எழுதுங்க.

உங்களிட்ட இருக்கிற பைல் வேற திணைக்களத்துட அடிப்படை வரைபடத்துக்கு மேல கீறினதா இருந்தா, எந்தப் பகுதி உங்கட சொந்தம், எந்தப் பகுதி அவங்கட எண்டு பிரிச்சுச் சொல்லுங்க. அவங்கட பகுதிக்கு நாங்க அவங்களிட்டயே கேக்கிறம். உங்களுக்கு உரிமை இல்லாததுக்கு நீங்க அனுமதி தந்தாலும் எங்களுக்கு அது உதவாது.

இனி வெப்சைட்ல போடுற ஒவ்வொரு வரைபடத்துக்கும் பட்டியலுக்கும் கீழ லைசன்ஸ் என்ன எண்டு ஒரு வரி போடுங்க. அதுக்குப் பொறுப்பா ரெண்டு மாவட்டச் செயலகத்துலயும் ஒவ்வொரு உத்தியோகத்தரிட பதவியையும் தொடர்பு ஈமெயிலையும் அறிவியுங்க.

மாரி மழை ஒக்டோபர்ல தொடங்கிடும். தரவு வந்து, பிழை பார்த்து, ஊருக்குள்ள போய் உறுதிப்படுத்தி, மெப்பில ஏத்த எங்களுக்கு ஆகக் குறைஞ்சது ஒரு மாசம் வேணும். அதால ஓகஸ்ட் முடியிறதுக்கு முன்ன பதில் தாங்க. மறுக்கிறதா இருந்தாலும் எந்தத் தரவ, எந்தச் சட்டத்துட எந்தப் பிரிவில மறுக்கிறீங்க எண்டு எழுத்துல தாங்க, அத வச்சு மேல கேக்க எங்களுக்கு வழி இருக்கு.

இப்படிக்கு,
மெப் போடுற தொண்டர் ஒருத்தர்,
களுவாஞ்சிகுடி